தண்ணி கடினமா இருந்தா கீசர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸை எப்படி காப்பாத்தறது

கெட்டில் அடியில வெள்ளையா ஒரு படலம், ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சுக்கிட்டு மீதி ஓட்டைல தண்ணி திசைக்கு ஒண்ணா பீச்சுது, துவைச்ச துண்டு காஞ்சதும் விறைச்சு நிக்குது, கீசர் ஆன் பண்ணா உள்ள கடகடன்னு ஒரு சத்தம். இதுல ரெண்டு மூணு உங்க வீட்டுல நடக்குதுன்னா அநேகமா தண்ணி கடினத் தண்ணிதான். இதைப் பாத்ததும் ஒரு பெரிய மெஷினை வாங்கி மாட்டறவங்க இருக்காங்க, "தண்ணியே அப்படித்தான், என்ன பண்றது"ன்னு விட்டுடறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே அவசரம். ஏன்னா உப்பு வீடு முழுக்க ஒரே அளவா படியறது இல்ல, தண்ணி சூடாகற இடத்துலயும் தண்ணி காஞ்சு போற இடத்துலயும்தான் படியுது, அந்த இடங்களை மட்டும் ஒழுங்கா கவனிச்சாலே பெரும்பாலான பிரச்சினை கைக்குள்ள வந்துடும்.

காரணம் ரொம்ப சிம்பிள். தண்ணில கரைஞ்சிருக்கற கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. அதுல ஒரு பகுதி பைகார்பனேட்டோட சேந்து இருக்கும், சூடு பட்டா அது உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், மிச்சம் இருக்கற கால்சியம் கார்பனேட் கல்லா படிஞ்சிடும். சாதாரண உப்பு, சர்க்கரை எல்லாம் சூடான தண்ணில நல்லா கரையும்ல, இது நேர் எதிர், தண்ணி சூடாக சூடாக இதோட கரையற தன்மை குறையும். அதனாலதான் பச்சைத் தண்ணி பைப் வருஷக்கணக்கா ஓடும், அதே தண்ணி போற ஹீட்டர் காயில் மட்டும் வெள்ளையா தடிச்சுப் போகும். இதுக்கு தற்காலிக கடினத்தன்மைன்னு பேர். சல்பேட், குளோரைடோட சேந்திருக்கற மீதி பகுதி கொதிக்க வச்சாலும் போகாது, அது நிரந்தர கடினத்தன்மை, ஹீட்டருக்கு அதால பெரிய ஆபத்து இல்ல, சோப்புக்குத்தான் எதிரி.

முதல்ல அளந்து பாருங்க

இங்கதான் நிறைய பேர் தப்பான வழில போறாங்க. கைல ஒரு டிடிஎஸ் மீட்டரை வச்சுக்கிட்டு "600 காட்டுது, தண்ணி ரொம்ப கடினம்"னு முடிவு பண்ணிடறாங்க. டிடிஎஸ் மீட்டர் தண்ணில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பாத்து மொத்தமா கரைஞ்சிருக்கறது எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்லும், அவ்வளவுதான், அது கால்சியமா சோடியமான்னு அதுக்குத் தெரியாது. சோடியம் அதிகமா இருக்கற தண்ணி வாய்ல வச்சா உப்பு கரிக்கும், மீட்டர்ல பெரிய நம்பர் வரும், ஆனா கீசர்ல ஒண்ணும் படியாது. டிடிஎஸ் குறைவா காட்டற தண்ணில கிட்டத்தட்ட எல்லாமே கால்சியமா இருந்தா அது காயிலை மூடிடும். அதனால கடினத்தன்மையை தனியாத்தான் அளக்கணும்.

காசு செலவில்லாம ஒரு ஐடியா வேணும்னா சோப்பு டெஸ்ட் பண்ணலாம். ஒரே அளவு ரெண்டு பாட்டில் எடுங்க, ஒண்ணுல வீட்டு டேப் தண்ணி, இன்னொண்ணுல டிஸ்டில்டு வாட்டர் இல்லன்னா சுத்தமா பிடிச்ச மழைத் தண்ணி, ரெண்டுலயும் ஒரே அளவு சாதா சோப்பை சீவிப் போட்டு நல்லா குலுக்குங்க. ஷாம்பு, டிஷ்வாஷ் லிக்விட் எல்லாம் வேணாம், அதெல்லாம் கடினத் தண்ணிலயும் ஓரளவு நுரைக்கும், வித்தியாசம் தெரியாது. நல்ல தண்ணில நுரை திண்ணுன்னு நிக்கும், தண்ணி கண்ணாடியா இருக்கும். கடினத் தண்ணில நுரை கொஞ்சமா வந்து அடங்கிடும், தண்ணி பால் கலந்த மாதிரி கலங்கும், மேல தயிர்த் திப்பி மாதிரி மிதக்கும். அந்தத் திப்பிதான் துணியிலயும் பாத்ரூம் டைல்ஸ்லயும் ஒட்டறது.

நம்பரா வேணும்னா டெஸ்ட் ஸ்டிரிப் போதும், இன்னும் சரியா வேணும்னா சொட்டு கிட் வாங்குங்க. அதுல தண்ணில ஒரு பவுடரோ சொட்டு மருந்தோ போட்டா ஒயின் சிவப்பா மாறும், அப்புறம் இன்னொரு மருந்தை ஒவ்வொரு சொட்டா விட்டு எண்ணிக்கிட்டே போகணும், சிவப்பு மறைஞ்சு சுத்தமான நீலம் வந்ததும் நிறுத்தணும், ஒரு சொட்டுக்கு எவ்வளவுன்னு கிட்டுலயே போட்டிருக்கும், பெருக்கினா விடை வந்துடும். நடுவுல ஒரு ஊதா கலர் வரும், அதைப் பாத்து அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க, இன்னும் ஒண்ணு ரெண்டு சொட்டு இருக்கும்.

பொதுவா சொல்ற அளவு என்னன்னா லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரைக்கும் மென்மையான தண்ணி, 61ல இருந்து 120 வரைக்கும் நடுத்தரம், 121ல இருந்து 180 வரைக்கும் கடினம், அதுக்கு மேல ரொம்ப கடினம். இதைத்தான் பிபிஎம்னும் சொல்றாங்க. சில மெஷின் மேனுவல்ல கிரெயின் கணக்கு இருக்கும், 1 கிரெயின்னா 17.1 பிபிஎம். ஜெர்மன் டிகிரில இருந்தா 1 டிகிரி கிட்டத்தட்ட 17.8 பிபிஎம். இந்த ரெண்டு நம்பரையும் எழுதி வச்சுக்குங்க, டிஷ்வாஷர் செட்டிங் பண்ணும்போது தேவைப்படும்.

இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு, யாரும் பெருசா பண்றது இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. தண்ணியை அளந்துட்டு, அதே தண்ணியை ஒரு கால் மணி நேரம் நல்லா கொதிக்க விட்டு, ஆறவச்சு, ஆவியாப் போன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி சரி பண்ணி, மெல்லிசு துணி இல்ல பில்டர் பேப்பர்ல வடிச்சு திரும்ப அளங்க. முன்னாடி 350, அப்புறம் 150னு வந்தா நடுவுல காணாம போன 200தான் உங்க ஹீட்டர்ல படியற சரக்கு. அதாவது 100 லிட்டர் தண்ணிக்கு அதிகபட்சம் 20 கிராம். எல்லாமே கீசர்ல படியாது, ஏன்னா கீசர் தண்ணி அந்த அளவு கொதிக்கறது இல்ல, ஆனா ஒரு குடும்பம் ஒரு மாசம் எத்தனை லிட்டர் சுடுதண்ணி செலவு பண்ணுதுன்னு மனசுல கணக்கு போட்டுப் பாத்தா காயில் ஏன் அப்படி தடிக்குதுன்னு புரிஞ்சிடும். முன்ன பின்ன ரெண்டு நம்பரும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருந்தா, கடினம் அதிகமா இருந்தாலும் கீசருக்கு அவ்வளவு பயப்பட வேணாம்.

கீசர்

காயில் மேல உப்பு படிஞ்சா கரண்ட் பில் எகிறிடும்னு எல்லாரும் சொல்றாங்க. எலக்ட்ரிக் கீசரைப் பொறுத்தவரை இது அரை உண்மைதான். காயில் தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கு, அதுல வர்ற சூடு உப்பு படலத்தைத் தாண்டி கடைசில தண்ணிக்குத்தான் போயாகணும், வேற வழி இல்ல. அதனால கரண்ட் நஷ்டம் சொல்ற அளவுக்கு பெருசா இருக்காது. உண்மையான நஷ்டம் காயிலுக்கு. சூடு வெளிய போக சிரமப்படறதால காயில் உள்ளுக்குள்ள ரொம்ப அதிகமா காஞ்சு, உறை வெடிச்சு, ஒரு நாள் கட் ஆகிடும், இல்லன்னா பூமிக்கு லீக் ஆகி எர்த் டிரிப்பர் விழும். கேஸ் கீசர் கதை வேற, அங்க தண்ணி வாங்கிக்காத சூடு புகையோட வெளிய போயிடும், அதனால அங்க படிவு வந்தா கேஸ் நிஜமாவே வீணாகும்.

டேங்க் கீசர் வச்சிருக்கறவங்க தெர்மோஸ்டாட்டை 60 டிகிரி கிட்ட வைங்க. அதுக்கு மேல போனா படிவு வேகமா கூடும், அதுக்காக ரொம்ப குறைச்சு 45ல வச்சாலும் தப்பு, தேங்கி நிக்கற வெதுவெதுப்பான தண்ணில லெஜியோனெல்லா மாதிரி பாக்டீரியா வளரும். 60ல வச்சுட்டு குழாய்ல பச்சைத் தண்ணி கலந்து குளிங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை, தண்ணி ரொம்ப கடினம்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, டேங்கை காலி பண்ணி கழுவணும். மெயின்ல கரண்ட்டை ஆஃப் பண்ணுங்க, கீசர் ஸ்விட்ச் மட்டும் போதாது. தண்ணி முழுசா ஆறட்டும், ராத்திரி ஆஃப் பண்ணி காலைல பண்ணா நிம்மதி. கீசருக்கு வர்ற தண்ணி வால்வை மூடுங்க, சுடுதண்ணி குழாயைத் திறந்து விடுங்க, அப்பத்தான் காத்து உள்ள போய் தண்ணி இறங்கும். அப்புறம் கீழ இருக்கற டிரெயின் வழியா, இல்லன்னா இன்லெட்ல இருக்கற சேஃப்டி வால்வு வழியா தண்ணியை ஒரு வெள்ளைத் துணி கட்டின பக்கெட்ல இறக்குங்க. துணி எதுக்குன்னா வர்றது என்னன்னு கண்ணால பாக்கணும். வெள்ளை மாவும் முட்டை ஓடு கனத்துக்கு செதில் செதிலாவும் வந்தா உப்பு. செம்பழுப்பா வந்தா டேங்க் உள்ள துரு பிடிக்க ஆரம்பிச்சிருக்குன்னு சந்தேகப்படணும், அதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆனோடு ராடைப் பாக்கச் சொல்லுங்க. அது பொதுவா மெக்னீசியத்துல இருக்கும், டேங்குக்குப் பதிலா தானே கரையறதுக்குன்னே வச்சிருக்கற கம்பி, கரைஞ்சு உள் கம்பி தெரிஞ்சா மாத்திடணும். காயிலை கழட்டி சுரண்டற வேலையும் அவங்ககிட்டயே விடுங்க.

திரும்ப தண்ணி நிரப்பும்போது சுடுதண்ணி குழாய்ல காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு வர்றது நின்னு ஒரே சீரா தண்ணி வர்ற வரைக்கும் கரண்ட் போடாதீங்க. தண்ணி இல்லாத டேங்க்ல கரண்ட் போட்டா காயில் கொஞ்ச நேரத்துலயே காலி.

அந்த சேஃப்டி வால்வு இருக்கே, அதைப் பத்தி ஒரு வார்த்தை. உள்ள பிரஷர் ஏறினா திறந்து விடற ஒரே பாதுகாப்பு அதுதான், அதுலயும் உப்பு படிஞ்சு ஒட்டிக்கும். சில மாசத்துக்கு ஒரு தடவை அதோட லீவரை லேசா தூக்கிப் பாருங்க, தண்ணி சொய்ங்னு வந்து விட்டதும் நிக்கணும். வரலன்னாலோ நிக்கலன்னாலோ உடனே மாத்துங்க, இதுல தள்ளிப்போடற பேச்சே வேணாம்.

வாஷிங் மெஷின்

ஹீட்டர் இருக்கற மெஷினா இல்லாததான்னு முதல்ல பாருங்க. பல டாப் லோடுல ஹீட்டரே கிடையாது, பச்சைத் தண்ணில மட்டும் துவைக்கறவங்களுக்கு மெஷினுக்குள்ள கல் படியற பயம் ரொம்பக் குறைவு, மாசா மாசம் டிஸ்கேல் பவுடர் வாங்கணும்னு அவசியமே இல்ல. அங்க பிரச்சினை சோப்புத் திப்பி, அதுவும் டிரம்முக்கு வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல வழவழன்னு ஒட்டி நாத்தம் வரும். ஃபிரண்ட் லோடுல 60 டிகிரில அடிக்கடி துவைக்கறீங்கன்னா காயில்ல கண்டிப்பா படியும், 30, 40லயே ஓட்டினா ரொம்பக் குறையும்.

பவுடர் பாக்கெட் பின்னாடி ஒரு டேபிள் போட்டிருப்பாங்க, தண்ணி கடினத்துக்கு ஏத்த மாதிரி அளவு, அதைப் பாத்து போடுங்க. கடினத் தண்ணிக்கு கம்மியா போட்டா துணி நரைச்சுப் போகும், மென்மையான தண்ணிக்கு அதிகமா போட்டா சோப்பு அலசாம தங்கிடும். கடினத் தண்ணிக்கு பவுடர் நல்லதுன்னு என் எண்ணம், ஏன்னா ஜியோலைட், சிட்ரேட் மாதிரி கால்சியத்தைப் பிடிச்சு வைக்கற சரக்கு பவுடர்ல பொதுவா கூட இருக்கும். வாஷிங் சோடா மட்டும் அள்ளிப் போடறது எனக்கு உடன்பாடு இல்ல, அது தண்ணியை மென்மையாக்கும் உண்மைதான், ஆனா கால்சியத்தை சுண்ணாம்புத் தூளா ஆக்கி துணி மேலயும் காயில் மேலயும்தான் போடும்.

மெஷினுக்கு பின்னாடி தண்ணி ஹோஸ் மாட்டற வாய்ல ஒரு சின்ன சல்லடை இருக்கும். தண்ணி மெதுவா ஏறுது, எரர் காட்டுதுன்னா போர்டு போச்சுன்னு பயப்படறதுக்கு முன்னாடி டேப்பை மூடிட்டு அந்த சல்லடையை மூக்குப் பிளேயரால இழுத்து எடுத்து பிரஷ்ஷால தேச்சுப் போடுங்க, நிறைய கம்ப்ளைண்ட் அதோட தீரும். படிவு எடுக்கணும்னா மேனுவல்ல அனுமதி இருந்தா 100 கிராம் சிட்ரிக் ஆசிட் டிரம்ல போட்டு, துணி எதுவும் இல்லாம 40 டிகிரில ஒரு முழு சைக்கிள், அப்புறம் வெறும் தண்ணில ஒரு அலசு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை தாராளம்.

கெட்டில், ஷவர், ஆசிட் விஷயம்

கெட்டிலுக்கு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், அரை மணி நேரம். போட்டதும் பொடிப்பொடியா நுரை கிளம்பும், அது அடங்கினா வேலை முடிஞ்சது, அடங்கியும் கல் இருந்தா ஆசிட் தீந்து போச்சு, புதுசா கலந்து ஊத்துங்க. சிட்ரிக் ஆசிட் போட்டு கொதிக்க விடாதீங்க, அதிக சூட்டுல கால்சியம் சிட்ரேட்னு இன்னொரு வெள்ளைப் படிவு உண்டாகலாம், அது சுண்ணாம்பை விட பிடிவாதமானது. வினிகரும் வேலை செய்யும், ஆனா மெதுவா, வாசனையும் இருக்கும்.

ஷவரைக் கழட்ட முடியலன்னா ஒரு பிளாஸ்டிக் கவர்ல வினிகர் ஊத்தி தலை முங்கற மாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அரை மணி நேரத்துல எடுத்துடுங்க, ராத்திரி முழுக்க விட்டா குரோம் பூச்சு மங்கிடும். குழாய் வாய்ல இருக்கற ஏரேட்டரையும் கழட்டி ஊற வைக்கலாம். மார்பிள் பக்கத்துல எந்த ஆசிடும் சிந்தக் கூடாது, மார்பிளே கால்சியம் கார்பனேட்தான், அதுவும் கரையும்.

டாய்லெட் கழுவற ஸ்ட்ராங் ஆசிட்டை கெட்டில்லயோ ஸ்டீல் மேலயோ ஊத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியா அரிச்சிடும். எந்த ஆசிடா இருந்தாலும், வினிகர் சிட்ரிக் ஆசிட் உட்பட, பிளீச்சோட சேரவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. முன்னாடி நாள் மெஷின்ல பிளீச் போட்டிருந்தா ரெண்டு தடவை வெறும் தண்ணி ஓட்டிட்டு அப்புறம் ஆசிட் போடுங்க.

அயர்ன் பாக்ஸ், டிஷ்வாஷர், கூலர்

ஸ்டீம் அயர்ன் வெள்ளைச் சட்டை மேல பழுப்புத் தண்ணி துப்புதுன்னா உள்ள படிவு தடிச்சிடுச்சுன்னு அர்த்தம். டேப் தண்ணியையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதி பாதி கலந்து ஊத்துங்க, பல கம்பெனி மேனுவல்லயே இதைத்தான் சொல்லுவாங்க. டிஸ்டில்டு இல்லன்னா கொதிக்க வச்சு ஆறவச்சு வடிச்ச தண்ணி ஓரளவு பரவாயில்ல. ஏசில இருந்து சொட்டற தண்ணில உப்பு இருக்காதுதான், ஆனா தூசியும் பூஞ்சையும் சேந்திருக்கும், நான் ஊத்த மாட்டேன். வேலை முடிஞ்சதும் சூடு இருக்கும்போதே டேங்கைக் காலி பண்ணிடுங்க.

டிஷ்வாஷர்ல பெரும்பாலும் உள்ளயே தண்ணியை மென்மையாக்கற ஒரு சாஃப்ட்னர் இருக்கு, அதுக்கு நீங்க அளந்த நம்பரை செட் பண்ணணும், இதைப் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டறவங்கதான் அதிகம். டிஷ்வாஷர் உப்பு மட்டும் போடுங்க, சமையல் உப்புல கட்டி பிடிக்காம இருக்க சேக்கற பொருள் அந்த சாஃப்ட்னருக்குள்ள கால்சியத்தைப் பிடிக்கற ரெசினைக் கெடுக்கும். உப்பு போட்ட கையோட ஒரு சைக்கிள் ஓட்டிடுங்க, சிந்தின உப்புத் தண்ணி ஸ்டீல் மேல தங்கினா துருப்பிடிக்கும். கண்ணாடி டம்ளர் மங்கலா இருக்கா, ஒரு சொட்டு வினிகர் தேச்சுப் பாருங்க. தெளிஞ்சா அது உப்பு, செட்டிங்கைக் கூட்டுங்க. தெளியலன்னா கண்ணாடியே அரிச்சுப் போச்சு, தண்ணி தேவைக்கு மேல மென்மையாகிடுச்சுங்கறது அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம், அப்போ செட்டிங்கைக் குறைச்சுப் பாருங்க.

ஏர் கூலர்ல தண்ணி ஆவியாப் போகும், உப்பு தங்கும், மேல மேல ஊத்திக்கிட்டே இருந்தா டேங்க் தண்ணி நாளுக்கு நாள் கடினமாகிக்கிட்டே போகும். வாரம் ஒரு தடவை முழுசா கொட்டிட்டு புதுசா நிரப்பினாலே பேடு ரொம்ப நாள் வரும். ஆர்ஓ கழிவுத் தண்ணியை கூலர்லயோ வாஷிங் மெஷின்லயோ ஊத்தறதும் இதே காரணத்தால தப்பு, அதுல வர்ற உப்பு டேப் தண்ணியை விட அதிகம்.

சாஃப்ட்னர் வாங்கணுமா

200க்கு கீழன்னா மேல சொன்னதே போதும். 300, 400னு போய், அதுல பாதிக்கு மேல தற்காலிக கடினத்தன்மையா இருந்து, கீசர் ரெண்டு மூணு இருந்தா யோசிக்கலாம். நிஜமா கடினத்தன்மையை எடுக்கறது அயான் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்னர்தான், ரெசின் கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும், நிறைஞ்சதும் உப்புத் தண்ணி விட்டு ரீஜெனரேட் பண்ணணும். சைஸ் கணக்கு நீங்களே போடலாம், ஒரு நாளைக்கு 500 லிட்டர், கடினத்தன்மை 300னா 150 கிராம் அது தினமும் பிடிக்கணும், விக்கறவர்கிட்ட "எத்தனை கிராமுக்கு ஒரு தடவை ரீஜெனரேஷன்"னு கேளுங்க. மாட்டினதுக்கு அப்புறம் டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்து குறையலயேன்னு சண்டை போடாதீங்க, குறையாது, ஒண்ணை எடுத்து இன்னொண்ணைத் தர்ற வேலைதான் அது. தண்ணில இரும்பு இருந்தா முதல்ல அதுக்கு பில்டர் போடணும், இல்லன்னா ரெசின் கெட்டுடும்.

பைப் மேல மாட்டற காந்தம், சுத்தற ஒயர் எல்லாம் கால்சியத்தை எடுக்கறது இல்ல, படியற விதத்தை மாத்தும்னு சொல்லி விக்கறாங்க, ஆராய்ச்சி முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறது இல்ல, நான் காசு போட மாட்டேன். கீசருக்கு முன்னாடி மாட்டற சின்ன பாலிபாஸ்பேட் பில்டர் ஓரளவு உதவும், ஆனா தண்ணி ரொம்ப சூடானா அந்த பாஸ்பேட் உடைஞ்சு வேலை செய்யாது, குடிக்கற தண்ணி லைன்லயும் அது தேவை இல்ல.

சாஃப்ட்னர் மாட்டறதா முடிவு பண்ணா சமையலறைல குடிக்கற குழாய்க்கு பழைய தண்ணியே நேரா வர்ற மாதிரி ஒரு லைன் விட்டுடச் சொல்லுங்க. கடினத்தன்மைக்குன்னு உடல்நல அடிப்படைல எந்த வரம்பும் உலக சுகாதார நிறுவனம் வைக்கல, ஆனா ஒவ்வொரு 100 பிபிஎம் எடுக்கறதுக்கும் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும், பிரஷர் இருக்கறவங்க வீட்டுல அது கவனிக்க வேண்டிய விஷயம். கீசர் ஆனோடு ராடு மென்மையான தண்ணில சீக்கிரம் கரையும், அதனால மாட்டின முதல் வருஷமே ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்லுங்க, சோப்புப் பவுடரையும் முதல் வாரத்துல இருந்தே பாதியா குறைச்சு, நுரை எப்படி வருதுன்னு பாத்து அளவை முடிவு பண்ணுங்க.